பகலில் நடந்த நைட் கிளப்

நைட் கிளப் நடத்தக் கொஞ்சமும் லாயக்கில்லாத ஆள் உலகத்தில் ஒருவன் உண்டென்றால் அது எங்கள் டமாரம்தான். ராத்திரி எட்டு மணிக்கே கண் சொருகிவிடும். தூங்கிக்கொண்டே டிரம்ஸ் வாசிப்பான். தாளம் மட்டும் தப்பாது. அவன்தான் 2005-இல் மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய காலிக் கிடங்கைப் பிடித்து, ஜன்னலுக்கெல்லாம் கறுப்பு பெயின்ட் அடித்து, ‘நைட் கிளப், லைவ் மியூசிக்’ என்று போர்டு மாட்டினான்.

கூட்டாளி பெட்டி, கீபோர்டு வாசிப்பவன். ஒண்ணாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்ச். டமாரம் கோயில் திருவிழாவில் அடிப்பான், பெட்டி சர்ச்சில் வாசிப்பான். இரண்டு இடத்திலும் சத்தத்தைக் குறைக்கச் சொன்னதால்தான் சொந்த இடம். கிளப்பில் கிடைத்த ஒரே சரக்கு பன்னீர் சோடா.

பாண்டிச்சேரி போகிற கார்களெல்லாம் நிற்கும் என்று நம்பினார்கள். ஒரே ஒரு கார் நின்றது, டயர் பஞ்சராகி. பக்கத்துத் தெருவில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த நான் ஒருவன்தான் ஆடியன்ஸ். துருப்பிடிக்காமலிருக்க டமாரம் ஸ்டாண்டுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவுவான். அந்தக் கையோடு வாசித்தால் குச்சி பறந்து ஆடியன்ஸ் மேல்தான் விழும்.

இதற்கிடையில் பெட்டியின் மச்சான் துபாயிலிருந்து விசா அனுப்பிவிட்டார்.

“ரெண்டு வாரம் பாக்குறேன்டா. ஆள் வரலைன்னா கெளம்பறேன்,” என்றான் பெட்டி.

டமாரம் எண்ணெய் பாட்டிலை எடுத்து ஸ்டாண்டைத் துடைக்க ஆரம்பித்தான். பெட்டி இல்லாமல் அவன் டீ குடித்துக்கூட நான் பார்த்ததில்லை.

ஒருநாள் காலையில் ஒத்திகை. கதவு திறந்திருந்தது. விடிவதற்கு முன்பிருந்தே உப்பு வாரிக் களைத்த பெண்கள் சிலர் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

“யக்கா, இது நைட் கிளப்பு. ராத்திரி வாங்க,” என்றான் டமாரம்.

“ராத்திரி தூங்குவமா, உன் கொட்டு கேப்பமா? மூணு மணிக்கு எழுந்துக்கணும்பா,” என்றார் மூத்தவர். “வெள்ளை உப்பைப் பாத்துப் பாத்துக் கண்ணு எரியுது. இங்க இருட்டா, குளுகுளுன்னு இருக்குது. நீ பாட்டுக்கு அடி.”

அடித்தான். கண்ணை மூடி உட்கார்ந்தவர்கள் மூன்றாவது பாட்டுக்குத் தலையாட்டினார்கள். மறுநாள் உப்பளமே திரண்டு வந்தது. அதற்கப்புறம் தினமும் காலை பத்தரைக்கு ஹவுஸ்ஃபுல். மத்தியானச் சோற்றுக்குக் கடையடைப்பு.

“போர்டை மாத்துப்பா,” என்றேன்.

“உள்ள நைட்டுதானே சார்,” என்றான் டமாரம்.

கெடு முடிந்த அன்று, பாட்டு முடிந்து கூட்டம் கலைந்ததும், பெட்டியைப் பார்க்காமலே கேட்டான்.

“எப்படா ஃபிளைட்டு?”

“நான் போவலடா. துபாய்ல வெயில் ஜாஸ்தியாம்.”

மரக்காணம் உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவன் சொன்ன காரணம் இது.

டமாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் அழுதானா என்று யாராவது கேட்டால், இருட்டில் தெரியவில்லை என்றுதான் சொல்வேன். அவன்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.