ஐந்து செட் போதுமா?

ஜூன் இரண்டாம் தேதி, காலை பதினோரு மணிக்கு, கடைத்தெருவில் இருக்கும் சீருடைக் கடையின் முதல் மாடியில், முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கான வெள்ளைச் சட்டையும் நீல ஸ்கர்ட்டும் மூன்று செட் மேசைமேல் கிடந்தன.

"அஞ்சு," என்றார் மகளுக்குச் சீருடை எடுக்க வந்திருந்த ஸ்டோர் கீப்பர்.

"மூணு," என்றாள் அவர் மனைவி.

விற்பனையாளர் நான்காவது செட்டைக் கையில் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதை மேசைமேல் வைப்பதா, எடுத்த இடத்திலேயே வைப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஏங்க, ஒண்ணு உடம்புல, ஒண்ணு மெஷின்ல, ஒண்ணு கொடியில. மூணு போதும். வளர்ற குழந்தை."

"மெஷின் ரிப்பேர் ஆனா? விடாம மழை பெஞ்சா? அப்ப என்ன பண்ணுவ?"

"அப்ப பார்த்துக்கலாம்."

ஸ்டோர் கீப்பருக்கு உலகத்திலேயே பிடிக்காத சொல் அதுதான். அவர் ஒரு பம்பு தயாரிக்கும் தொழிற்சாலையில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர். அவர் காலத்தில் ஒரு திருகாணி இல்லை என்பதற்காக எந்த இயந்திரமும் நின்றதில்லை. எந்தப் பொருளுக்கும் இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஓர் அளவு வைத்திருப்பார். அந்த அளவைத் தொட்டால் அன்றே புதிதாக வாங்க எழுதிவிடுவார். மனைவியும் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள்தான். ஆனால் இருப்புக் கணக்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறவள்.

"ஹெட்மிஸ்ட்ரஸ் என்ன சொன்னாங்க, கேட்டேல்ல? யூனிஃபார்ம் இல்லாம வந்தா கேட்லயே திருப்பி அனுப்பிடுவாங்களாம். நம்ம வீட்டுக்கு அப்படி ஒரு நிலைமை வரலாமா?"

மனைவி பதில் சொல்லுமுன் உடை மாற்றும் அறையிலிருந்து அழுகை கேட்டது. மகள் ஒரு கையைச் சட்டைக்குள்ளும் ஒரு கையை வெளியிலுமாக வைத்துக்கொண்டு நின்றாள். உருண்டையாக, சின்னதாக இருந்ததால் வீட்டில் அவளுக்குப் பட்டாணி என்று பெயர்.

"எனக்கு ஸ்கூல் வேணாம். வீட்டுக்குப் போலாம்."

அங்கே நிறைய ஃபிரெண்ட்ஸ் கிடைப்பார்கள் என்றாள் அம்மா. அழுகை கூடியது. பாப்பாவுக்கு பலூன் தருகிறேன் என்றார் விற்பனையாளர். இன்னும் கூடியது. ஸ்டோர் கீப்பர் முட்டி போட்டு உட்கார்ந்து, ஐந்தாவதையும் எடுக்கச் சொல்லி, செட்டுகளை அவள் முன்னால் வரிசையாகப் பரப்பினார்.

"இங்க பாரு பட்டாணி, எண்ணு. அஞ்சே அஞ்சுதான். இது தீர்ற வரைக்கும் போனா போதும். சரியா?"

பட்டாணி விரல் விட்டு எண்ணினாள். மூக்கை உறிஞ்சினாள்.

"அஞ்சுதானா?"

"அஞ்சேதான்."

அழுகை நின்றது. ஸ்டோர் கீப்பர் எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "விவரமா எடுத்துச் சொன்னா கேட்டுக்கறா பார்." ஐந்து என்பது அப்படித்தான் முடிவாயிற்று.

"ஒரு சைஸ் பெருசா எடுத்துக்குங்க சார். ரெண்டு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேணாம்," என்றார் விற்பனையாளர். ஸ்டோர் கீப்பருக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போயிற்று.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தபோது ஸ்கர்ட் கணுக்காலைத் தொட்டது. சட்டைக்குள் பட்டாணி எங்கோ ஓரிடத்தில் இருந்தாள். மனைவி ஒரு வார்த்தை பேசாமல் ஐந்து ஸ்கர்ட்டையும் மடித்துத் தைத்தாள். அவள் பேசாமல் இருந்தது பக்கத்து வீடு வரை கேட்டது.

ஸ்டோர் கீப்பர் சட்டைக் காலரின் உட்புறத்தில் ஒன்று முதல் ஐந்து வரை அழியாத மையால் எழுதி, ஒவ்வோர் எண்ணையும் வட்டம் போட்டார். ஸ்கர்ட்டின் இடுப்புப் பட்டியிலும் அதேபோல. அலமாரியின் கீழ்த்தட்டை அதற்கென்று ஒதுக்கினார். துவைத்து வந்தது அடியில், எடுப்பது மேலிருந்து.

"குழந்தைக்குச் சட்டை போடறதுக்கு இவ்வளவு சட்டமா?" என்றாள் மனைவி.

"முறையா வச்சாதான் எல்லாம் ஒரே சீரா தேயும்."

பள்ளி தொடங்கிய முதல் வாரத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை இரண்டாம் எண்மேல் ஒரு பாட்டில் மையைக் கவிழ்த்தது. எலுமிச்சம்பழம், பிளீச்சிங் பவுடர் எல்லாம் போட்டதில் நீலமாக இருந்த கறை பச்சையாகிப் பெரிதாயிற்று.

"இது போச்சு," என்று அதைத் தரை துடைக்கும் துணிகளோடு போட்டாள் மனைவி.

பட்டாணி ஓடி வந்து பார்த்தாள். "அப்ப நாலுதானா?"

"நாலுதான்," என்றார் அப்பா. மனைவி பக்கம் திரும்பி, "கேட்டியா? கூடப் பொறந்தது. எனக்கு அடுத்து ஸ்டோரைப் பார்த்துக்க ஆள் ரெடி," என்றார்.

அன்றிலிருந்து பட்டாணி தினமும் படுக்கப் போகும் முன் அலமாரியைத் திறந்து எண்ணினாள். எண்ணி முடித்ததும் அப்பாவிடம் வந்து சொல்லுவாள். பள்ளிக்கூடப் பையையும் இனி தானே அடுக்கிக்கொள்வதாகச் சொன்னாள். பெற்றவர்கள் இருவரும் கருத்து வேற்றுமை இல்லாமல் மகிழ்ந்தது அந்த மாதத்தில் அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

பிறகு நான்காம் எண் காணாமல் போயிற்று.

"கொடியிலதான் போட்டேன்," என்றாள் மனைவி.

"போட்டது எங்க போகும்? காலு முளைச்சு நடந்து போச்சா?"

"நீங்கதான் நம்பர் போட்டீங்கல்ல? கூப்பிட்டுப் பாருங்க, வரும்."

மொட்டைமாடியில் நான்கு குடித்தனங்களின் துணி காயும். ஸ்டோர் கீப்பர் மேல் வீட்டுக்காரரிடம் போய், உங்கள் துணியோடு எங்கள் சட்டை கலந்திருக்கிறதா என்று கேட்டார். நல்ல விதமாகத்தான் கேட்டார். ஆனால் மேல் வீட்டுக்காரருக்குக் குழந்தை கிடையாது. அவர் கதவைச் சாத்தியதில் மாடிப்படியில் இருந்த பூந்தொட்டி ஒன்று ஆடியது.

அன்றே ஸ்டோர் கீப்பர் கொடியை வீட்டுக் கூடத்துக்கு மாற்றினார். சாப்பிட உட்கார்ந்தால் ஸ்கர்ட் நுனி தலையில் சொட்டியது. காயாத துணியைப் போட்டுக்கொண்டு போன பட்டாணிக்கு ஜலதோஷம் பிடித்தது. ஜலதோஷம் விட்ட மறுநாள் ஒன்றாம் எண்ணைக் காணவில்லை.

"வீட்டுக்குள்ள கொடி. வீட்டுக்குள்ள அலமாரி. இப்ப யாரைக் கேக்கப் போறீங்க? என்னையா?"

"உன்னைக் கேட்டேனா?"

"பார்வையே கேக்குதே."

இருப்பு இரண்டாகிவிட்டது. இரண்டுக்குக் கீழே போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மறுநாள் காலை மகள் கேட்டுக்கு வெளியே நிற்பாள். ஊரில் உள்ள பம்புக்கெல்லாம் திருகாணி எண்ணி வைப்பவரின் சொந்தப் பிள்ளை, சட்டை இல்லாமல். அவர் நேராகக் கடைக்குப் போய் இன்னும் மூன்று செட் வாங்கி வந்தார்.

பையைத் திறந்ததும் பட்டாணியின் உதடு பிதுங்கியது. "இன்னும் இருக்கா?"

"ஆமாடா தங்கம், உனக்குத்தான். ஆறு, ஏழு, எட்டு."

அவள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். தூக்கக் கலக்கம் என்றார் அப்பா. அப்போது சாயங்காலம் ஐந்து மணி.

அடுத்து சந்தேகம் சலவைக்கடைக்காரர்மேல் போனது. அவரிடம் மூன்றாம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் இஸ்திரிக்குப் போய் வந்தது உண்மை. ஆனால் போன இரண்டும் திரும்பி வந்தன. அதுதான் சந்தேகம் வராமல் இருக்கச் செய்யும் தந்திரம் என்றார் ஸ்டோர் கீப்பர். இத்தனை வருடமாகத் துணி போட்ட கடையை நிறுத்திவிட்டு, இரண்டு தெரு தள்ளிப் புதிதாகத் திறந்த கடைக்குப் போனார். புதுக் கடைக்காரர் மூன்றாம் எண்ணின் முதுகில் இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டு போன் பேசினார். சட்டையின் நடுவில் இஸ்திரிப்பெட்டி அளவுக்கே ஒரு ஜன்னல் திறந்தது.

பட்டாணி அந்த ஓட்டை வழியாகத் தலையை விட்டுப் பார்த்தாள். "புதுக் கடை அங்கிள் ரொம்ப நல்லவங்கப்பா."

"எரிச்சதுகூடத் தெரியாம பேசறா பாரு, பாவம்," என்றார் அப்பா.

ஏழாம் எண்ணும் மறைந்த பிறகு அலமாரிக்குப் பூட்டு வந்தது. சாவி ஸ்டோர் கீப்பரின் பேன்ட் பையில் இருந்தது. அவர் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு பெட்டி வாஷரை எண்ணிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"சாவி எங்க?"

அவர் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"வேன் கிளம்பிடுச்சு. எனக்குக் கடை திறக்க நேரமாச்சு. உள்ள மூணு செட் பத்திரமா இருக்கு. வெளிய உங்க பொண்ணு ஜட்டியோட டான்ஸ் ஆடிட்டு இருக்கா. சந்தோஷமா?"

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவர் பைக்கில் வந்தார். உண்மையிலேயே பட்டாணி ஆடிக்கொண்டுதான் இருந்தாள். பள்ளி தொடங்கியதிலிருந்து அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவர்கள் பார்த்ததில்லை. பூட்டு திறக்கிற சத்தம் கேட்டதும் ஆட்டம் நின்றது. மனைவி பூட்டை வாங்கி, அவர் கண் முன்னாலேயே குப்பைக்கூடையில் போட்டாள்.

"எங்க அண்ணன் பிள்ளைங்க மூணு பேரு. ஆளுக்கு ரெண்டு செட்டுல அஞ்சாம் கிளாஸ் முடிச்சாங்க. நீங்க ஒண்ணை வச்சுக்கிட்டு ஒரு மாசத்துல எட்டு வாங்கிட்டீங்க."

"தொலையற வேகத்துக்கு மேல வாங்கணும். அங்கதான் தப்பு பண்ணினோம். நாம சில்லறையா வாங்கினோம்."

"நாமளா?"

அவர் ஒரு டஜனாக வாங்கி வந்தார். விற்பனையாளர் படி இறங்கி வந்து வழியனுப்பினார். கூடத்தில் பன்னிரண்டு செட்டையும் அடுக்கியபோது குவியல் பட்டாணியின் மூக்கு வரை வந்தது. அவள் அதை அண்ணாந்து பார்த்தாள். ஒரு விரலை மடக்கினாள், இன்னொன்றை மடக்கினாள், இரண்டு கையும் போதாமல் போகவே குவியலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"இவ்வளவையும் பார்த்து நானே அழணும் போல இருக்கு," என்றாள் மனைவி. "கல்யாணத்துக்கும் இதையே போட்டு அனுப்பிடலாம்."

டஜனும் குறையத்தான் செய்தது. முன்பைவிட வேகமாகக் குறைந்தது. அது போதாதென்று பட்டாணி வளரவும் தொடங்கியிருந்தாள். கடையில் அடுத்த சைஸ் தீர்வதற்குள் இரண்டு செட் வாங்கி வைத்துவிடலாம் என்று ஸ்டோர் கீப்பர் ஒருநாள் வேலையிலிருந்து சீக்கிரமே கிளம்பி, வாங்கிய பையோடு மகளை அழைத்துப்போகப் பள்ளி வாசலுக்கு வந்தார்.

மணி அடித்தது. பிள்ளைகள் வந்தார்கள். ஒரு சிறுமி அவருக்கு முன்னால் குனிந்து கீழே விழுந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். அவள் காலர் மடங்கியது. உள்ளே வட்டத்துக்குள் ஓர் எண் இருந்தது. வட்டமும் எண்ணும் அவருடைய கையெழுத்து.

"நாலு!" என்று கத்தினார்.

சிறுமியின் அம்மா பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஏங்க, என் பொண்ணு கழுத்துல என்னத்தைத் தேடறீங்க?"

"இது என்னோட நாலு!"

"என்னது?"

"மொட்டைமாடியில காணாம போன நாலு! அதோ, அந்தக் குழந்தையைத் திரும்பச் சொல்லுங்க. அது ஒண்ணா இருக்கும்! அங்க ஊஞ்சல்கிட்ட நிக்கறது ஏழாதான் இருக்கும்!"

காவலாளி வந்து அவர் தோளில் கை வைத்தார். "சார், எந்த நம்பரா இருந்தாலும் தள்ளி நின்னு பேசலாம்."

"திருட்டு சார் இது! எங்க வீட்டு அலமாரியில இருந்தது!"

"யாரைத் திருடின்னு சொல்றீங்க?" அந்த அம்மா முன்னால் வந்தாள். "என் பொண்ணு தண்ணி கொட்டிக்கிட்டான்னு ஸ்கூல்ல மாத்தி விட்டாங்க. துவைச்சு நாளைக்குத் திருப்பிக் கொடுக்கணும்னு ஆயாம்மா சொல்லி அனுப்பினாங்க. உங்களுதுன்னா அவங்களைக் கேளுங்க!"

கூட்டம் சேர்ந்துவிட்டது. காவலாளி அவரை நடத்திக்கொண்டு உள்ளே போனார். முதல் வகுப்பு ஆயாம்மா துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டு வந்தார். பட்டாணி அவர் புடவையைப் பிடித்தபடி நின்றாள். அப்பாவைப் பார்த்துச் சிரித்தவள், அவர் கையிலிருந்த கடைப் பையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

"பட்டாணி அப்பாவா? நீங்க நல்லா இருக்கணும் சார்!" ஆயாம்மா சுவர் அலமாரியைத் திறந்தார். வெள்ளையும் நீலமுமாக ஓர் அடுக்கு. ஆறு, ஒன்பது, பதினொன்று, பதினான்கு எல்லாம் அங்கே இருந்தன. ஸ்டோர் கீப்பர் வைப்பதைவிட ஒழுங்காகவே அடுக்கியிருந்தது. "முன்னாடியெல்லாம் சின்னப் பிள்ளைங்க நனைச்சுக்கிட்டா மாத்தறதுக்கு ஒரு துணி இருக்காது. இப்ப பாருங்க."

"இதெல்லாம் எப்படி இங்க வந்துச்சு?"

"பாப்பாதான் கொண்டு வரும் சார், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில வச்சு. எங்க வீட்டுல நிறைய இருக்கு, வச்சுக்கோங்கன்னு கொடுக்கும். நீங்கதான் கொடுத்து விடறீங்கன்னு இத்தனை நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

ஸ்டோர் கீப்பர் மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். மேல் வீட்டுக்காரர், பழைய சலவைக்கடைக்காரர், மனைவி என்று மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் அவர் மனதில் வரிசையாக நின்றார்கள்.

"வீட்டுக்கு வா, உன்னைக் கவனிச்சுக்கறேன்," என்றார்.

"திட்டாதீங்க சார்," என்றார் ஆயாம்மா. "சட்டை தீர்ற வரைக்கும் ஸ்கூலுக்குப் போனா போதும்னு நீங்கதான் சொன்னீங்களாமே? நேத்து என் மடியில படுத்து ஒரே அழுகை, 'நானும் தினம் தினம் தீர்த்துக்கிட்டேதான் இருக்கேன் ஆயா, எங்கப்பா விடவே மாட்டேங்கறாரு'ன்னு."