ராகேலம்மாவின் குண்டு எழுத்து

கர்த்தருக்குள் பிரியமான அளியன் தொம்மிக்கு,

உன் அக்கா புருஷன், அளியன் ஈப்பன் எழுதுவது. இங்கே நானும் கோழிகளும் சுகம். ஷார்ஜாவில் நீயும் ஜெசியும் பிள்ளைகளும் அப்படியே இருக்கக் கர்த்தர் கிருபை செய்யட்டும்.

விஷயம் உன் அக்காவின் கல்லறைக் கல். கடைப் பலகை செய்யும் குரியாச்சனிடம் கல்லில் எழுத்து வெட்டும் இயந்திரம் இருக்கிறதென்று அவனிடமே கொடுத்தேன். "எழுத்து எப்படி வேணும் அச்சாயா?" என்றான். "நல்லா தடியா இருக்கட்டும், கண்ணாடி போடாம நான் படிக்கணும்" என்றேன். அதுதான் நான் செய்த பாவம். நம் மலையாள எழுத்து சும்மாவே உருண்டை. இவன் வெட்டியதில் ஒவ்வொரு வளைவும் கவராயம் வைத்துச் சுழற்றிய முழு வட்டம், கூர்முனை என்று மருந்துக்கும் கிடையாது, உன் அக்கா பேர் ஊதின பலூன் வரிசை மாதிரி நிற்கிறது. கேட்டால், "கடைப் பலகைக்குன்னே செஞ்ச எழுத்து அச்சாயா, கால் மைலுக்குத் தெரியும்" என்கிறான். செத்தவளுக்கு என்னத்துக்கடா கால் மைல்? கல்லை நட்ட அன்றைக்கே கோயில் மணியடிக்கிற கப்யார் சிரிப்பை மறைக்க இருமினான். மறுநாள் நான் கல்லறையருகே நிற்க, கடைப் பலகையென்று நினைத்து மதிலோரம் ஒரு கார் நின்றது. இறங்கின பெண், "சேட்டா, சாக்லேட் ஐஸ்கிரீம் இருக்கா?" என்றாள். "இங்கே இருக்கிறது என் பெண்டாட்டி" என்றேன். அவள் முகம் வெளிறிப்போய் வண்டியேறினாள், பாவம். அன்றிலிருந்து நான் தினமும் போய், ரோட்டுப் பக்கம் குடையை விரித்துப் பிடித்து எழுத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறேன். வீட்டில் இருந்தாலும் நிற்கத்தானே போகிறேன்? ஒருத்தனுக்கு மட்டும் கஞ்சி வைக்கும் அளவு இன்னும் கைவரவில்லை. மிச்சத்தைத் தின்று கோழிகளும் குண்டெழுத்தாகிவிட்டன.

கோயில் பாதிரி அச்சனும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "ஈப்பச்சா, ஜபிக்க வர்றவங்க சிரிக்கிறாங்க, கல்லை மாத்திடலாம்." அதற்குக் கூடப் பிறந்தவன் சம்மதம் வேண்டுமாம். உள்ளே வைத்திருக்கும் தாளில் கையெழுத்திட்டு உடனே அனுப்பு.

ஜெசிக்கு அன்பு. பிள்ளைகள் நெற்றியில் நான் சிலுவை வரைந்ததாக நீயே வரைந்துவிடு.

அளியன்,
ஈப்பன்

பின்குறிப்பு: கையெழுத்துப் போடாதே. தபாலாபீசில் நின்று எழுதுகிறேன். முழங்கால் வலி, அதனால் இன்றைக்கு இங்கே பஸ்ஸில் வந்தேன். வழியில் கல்லறைத் தோட்டம் வந்ததும் கண்டக்டர், "ராகேலம்மா! ராகேலம்மா இறங்குறவங்க முன்னாடி வாங்க!" என்று கத்தினான். கல்லைப் பார்த்துப் பார்த்து நிறுத்தத்துக்கே அந்தப் பேர் விழுந்துவிட்டது, தொம்மி. யாரும் சிரிக்கவில்லை. ரெண்டு பேர் எழுந்தார்கள். ஒரு மீன்காரி, "எனக்கு ராகேலம்மாவைத் தாண்டி அடுத்தது" என்றாள். நம் வீட்டில் அந்தப் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்லி ஏழு மாதமாகிறது.

திரும்பும்போது கல்லறையில் இறங்கணும், கண்டக்டர் என்னிடம் டிக்கெட் கேட்பான். "ராகேலம்மா, ஒண்ணு" என்று சொல்ல வேண்டும். இங்கேயே ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். தபால்தலை விற்கிற பெண் தலை நிமிர்ந்து, "யாரைக் கூப்பிடுறீங்க அச்சாயா?" என்று கேட்கிறாள்.