மன்னிக்கணும், அது ஜோயல்

கிளிஃபர்ட் ஹார்கிரீவ்ஸ் தன் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே வர்ணனையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அது கிடைத்துவிட்டது. நறுக்கென்று.

"யோவ் கிளிஃப், என்னய்யா சத்தம்?" என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த பெர்னி தக்கர். ஒரு காலத்தில் ரக்பி லீக் ஆடிய ஆள். கதவு அகலம், உடைந்து வளைந்த மூக்கு. கிளிஃபர்ட் வர்ணனை சொல்லச் சொல்ல, நடுநடுவே ஆட்ட நுணுக்கம் பேசுவது இவர் வேலை.

"கண்ணாடிய்யா."

"வேற இருக்கா?"

"வீட்ல இருக்கு."

வீடு அறுபது மைல் தள்ளி இருந்தது. ரக்பி கோப்பையின் அரையிறுதி தொடங்கப் பத்து நிமிடம்தான் பாக்கி. பெனைன் மலைக்கு இந்தப் பக்கத்துப் பெக்டனும் அந்தப் பக்கத்து ஹாலோபியும் மோதுகிற ஆட்டம். சனிக்கிழமை மத்தியானம் வடக்கு இங்கிலாந்தில் பாதிப் பேர் டீயும் பிஸ்கட்டுமாகத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

கிளிஃபர்டுக்கு இது சாதாரண ஆட்டம் இல்லை. போன மாதம், ஓரத்தில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த ஒருவர் பந்தோடு ஓடுவதாக அவர் வர்ணித்துவிட்டார். சேனல் தலைவர் கூப்பிட்டு அன்பாகத்தான் சொன்னார்: "இன்னொரு தடவை பேரை மாத்திச் சொன்னீங்கன்னா, ஓய்வு பெற்றவங்க புல்தரையில உருண்டை உருட்டுவாங்களே, அந்த ஆட்டத்துக்கு அனுப்பிடுவேன். அங்க யாரும் ஓட மாட்டாங்க, உங்களுக்கும் வசதி."

"இந்தா, என் கண்ணாடியப் போட்டுக்க" என்று நீட்டினார் பெர்னி. கிளிஃபர்ட் போட்டுப் பார்த்தார். மேசையில் இருந்த டீக் கோப்பை பீப்பாய் மாதிரித் தெரிந்தது. மைதானம் மொத்தமும் மறைந்துவிட்டது.

"இது பேப்பர் படிக்கிற கண்ணாடிய்யா!"

"நான் பேப்பர்தானேய்யா படிக்கிறேன்."

காதில் மாட்டியிருந்த கருவியில் தயாரிப்பாளர் பியோனாவின் குரல் வந்தது. "கிளிஃப், ரெடியா? ஷட்டில்வர்த் பசங்களக் குழப்பிடாதீங்க. ரெண்டாம் நம்பர் லூயிஸ், வலது ஓரம். அஞ்சாம் நம்பர் ஜோயல், இடது ஓரம். ஜோயலுக்குத் தோள்பட்டைல அடி, ஊருக்கே தெரியும். அதைப் பத்தி நிறையப் பேசுங்க."

லூயிஸும் ஜோயலும் இரட்டையர்கள். ஒரு வாணலியில் சுட்ட இரண்டு அப்பம் மாதிரி இருப்பார்கள். சட்டை நம்பர்தான் அடையாளம். அந்த நம்பர் தெரிய கிளிஃபர்டுக்குக் கண்ணாடி வேண்டும்.

ஆட்டம் தொடங்கியது. கலங்கிய நிறங்கள் இரண்டு ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. எடுத்த எடுப்பில் ஹாலோபிக்காரர்கள் பந்தை வானத்துக்கு உதைத்து, இடது ஓரத்தில், அடிபட்ட ஜோயலைக் குறிவைத்தே இறக்கினார்கள். அங்கே ஒரு உருவம் எம்பிப் பிடித்தது.

"அருமை! லூயிஸ் பிடிச்சிட்டார்!" என்றது கிளிஃபர்டின் வாய். மூளையைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"ஜோயல்!" என்று காதில் வெடித்தாள் பியோனா. "அஞ்சாம் நம்பர்!"

"மன்னிக்கணும் நேயர்களே, அது ஜோயல்."

இனி எதிரில் இருக்கிற சின்னத் திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று முகத்தை அதன்மேல் கொண்டுபோய் வைத்தார். நம்பர் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு முறை குனியும்போதும் மைக் திரையில் முட்டியது.

"கிளிஃப், யார் கதவைத் தட்டுறது? எல்லார் வீட்டு டிவிலயும் டொக் டொக்னு கேக்குது! வாசலுக்குப் போய்ப் பாத்துட்டு வர்றாங்களாம்!"

திரையை விட்டார். பெர்னி ஒரு காகிதத்தில் கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டினார்: 'லூயிஸ்னா இடது காலை மிதிப்பேன். ஜோயல்னா வலது கால்.' நல்ல யோசனைதான். ஆனால் பெர்னி நிதானமாக ஆட்டம் பார்க்கிற ஆள் இல்லை. பெக்டன் பந்தோடு பாய்ந்ததும் அவருக்கு முறுக்கேறிவிட்டது.

"பந்து இடது ஓரத்துக்கு வருது, வாங்கினவர்... ஐயோ! அம்மா!"

"என்ன ஆச்சு?" என்றாள் பியோனா.

"ஆட்டம் அவ்வளவு உருக்கமா இருக்கும்மா" என்று பல்லைக் கடித்தார் கிளிஃபர்ட்.

இடைவேளையில் பெர்னி டீ வாங்கி வந்து, மிதித்த காலையும் தடவிக் கொடுத்தார். "நான் பாத்துச் சொல்லிட்டிருக்கேன்ல, நீ ஏன்யா முந்துற?"

"நான் எங்கய்யா முந்துறேன்? வாய்தான். இந்தப் பசங்க பள்ளிக்கூடத்துச் சேத்துல ஆடின காலத்துலேருந்து பாக்கிறேன். லூயிஸ் பஸ்ஸ விட்டவன் மாதிரி மோவாயத் தூக்கிக்கிட்டு ஓடுவான். ஜோயல் ஒரு கையில தண்ணி வாளி தூக்கிட்டுப் போறவன் மாதிரி சாஞ்சு ஓடுவான். தூரத்துல கலங்கலாத் தெரிஞ்சாலும் வாய் தானா பேரைச் சொல்லுது. சொன்னதெல்லாம் தப்பாப் போகுது."

"வயசாச்சுல்ல" என்றார் பெர்னி மிருதுவாக. பிறகு அவரே சேர்த்துக்கொண்டார்: "தலைவர் திட்டினா, நான்தான் நம்பரத் தப்பாச் சொன்னேன்னு சொல்லிடு. என்னை யாரும் உருண்டை உருட்டுற எடத்துல சேக்க மாட்டாங்க. புல்தரை தாங்காது."

இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்த மனிதருக்கு ஒரு முறைகூட நன்றி சொன்னதில்லை என்று கிளிஃபர்டுக்கு அப்போதுதான் பட்டது. சொல்ல வாயெடுத்தார். "ஒளிபரப்புல இருக்கோம்!" என்று கத்தினாள் பியோனா.

இரண்டாம் பாதியும் அப்படியேதான் போனது. ஹாலோபி உதைத்த பந்தெல்லாம் இடது ஓரத்துக்கே வந்தது. அஞ்சாம் நம்பர் எல்லாவற்றையும் பிடித்தான். மோதிய ஆட்களையெல்லாம் சரித்தான். "அடிபட்ட தோளோட பையன் என்னமா ஆடுறான்யா!" என்று உருகினார் பெர்னி. கிளிஃபர்ட் ஒவ்வொரு தடவையும் லூயிஸ் என்றார், ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டார். கேட்டுக் கேட்டு, அந்த மன்னிப்புக்கே ஒரு ராகம் வந்துவிட்டது.

முடிய ஒரு நிமிடம் இருக்கையில் பெக்டன் இரண்டு புள்ளி பின்தங்கி இருந்தது. ஹாலோபிக்காரர்கள் எல்லோரும் இடது பக்கமே குவிந்திருக்க, பந்து கைமாறிக் கைமாறி வலது ஓரத்துக்குப் பறந்தது. அங்கே ஆளே இல்லை. ஒரு உருவம் மட்டும், ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, எல்லைக் கோட்டை நோக்கி ஓடியது.

கிளிஃபர்ட் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஜோயல்! ஜோயல் ஓடுறார்! யாராலயும் பிடிக்க முடியாது! கோட்டைத் தாண்டிட்டார், பந்தை மண்ணுல வச்சிட்டார்! நாலு புள்ளி! பெக்டன் இறுதிப் போட்டிக்குப் போகுது! ஜோயல் ஷட்டில்வர்த்!"

காதில் பியோனா அழாத குறை. "ரெண்டாம் நம்பர், கிளிஃப். லூயிஸ். பின்னாடி எழுதியே இருக்கு."

"மன்னிக்கணும் நேயர்களே" என்றார் அவர், குரல் இறங்கி. "அது லூயிஸ்."

"லூயிஸ் ஏன்யா ஒத்தைக் கையால வச்சான்?" என்றார் பெர்னி. "திமிருய்யா அவனுக்கு!"

ஒளிபரப்பு முடிந்தது. மேலங்கியை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது, உருண்டை ஆட்டத்துக்கு எந்தத் தொப்பி பொருத்தமாக இருக்கும் என்று யோசித்தார் கிளிஃபர்ட். ஒளிபரப்பு வண்டியிலிருந்து பியோனா ஓடிவந்தாள்.

"கிளிஃப்! போனு நிக்கவே இல்ல. எங்கப்பாவும் இப்படித்தான் பிள்ளைங்க பேரை மாத்தி மாத்திக் கூப்பிடுவார், வீட்ல கூட உக்காந்து பாத்த மாதிரி இருந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு வர்ணனையாளர் தப்பை ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேக்குறத இப்பதான் பாக்கிறாங்களாம். இறுதிப் போட்டிக்கும் நீங்கதான்னு தலைவர் சொல்லிட்டார்."

கிளிஃபர்ட் பியோனாவுக்கு நன்றி சொன்னார். பின்னால் வந்த பெர்னியைக் கட்டிப்பிடித்து, பாக்கி வைத்திருந்த நன்றியையும் சேர்த்துச் சொன்னார். வண்டியோட்டிக்கும் சொன்னார். அவருக்கு எதற்கென்று புரியவில்லை.

வாசலில் ஒரு தடித்த அம்மாள், பெக்டன் நிறத்துக் கழுத்துத் துண்டும், கையில் துணி மூடிய தட்டுமாக நின்றிருந்தார். இரட்டையரின் தாய் மோரீன் ஷட்டில்வர்த். கிளிஃபர்ட் நேரே அவரிடம் போனார். இந்த மன்னிப்பை நேரில் கேட்டுவிட வேண்டும்.

"அம்மா, இன்னிக்கு உங்க பிள்ளைங்க பேரை ரொம்பக் கெடுத்துட்டேன்..."

அந்த அம்மாள் இரண்டு பக்கமும் பார்த்தார். தட்டை கிளிஃபர்டின் கையில் திணித்தார். சூடான இஞ்சிக் கேக். பிறகு காதோரம் குனிந்தார்.

"நீங்க நல்லா இருக்கணும் கண்ணு. ஜோயலோட தோளைக் காப்பாத்தக் காலையில பசங்க சட்டைய மாத்திப் போட்டுக்கிட்டாங்க. நீங்க ஒவ்வொரு தடவையும் கரெக்டாப் பேரைச் சொல்றப்ப எனக்கு உசிரே போச்சு, உடனே மன்னிப்புக் கேட்டு மறைச்சீங்க பாருங்க, அதுலதான் திரும்பி வந்துச்சு!"