குங்குமப் பொட்டு வைத்த சிலிண்டர்

வெள்ளக்கடையிலிருந்து கரடியூர் வரைக்கும் பெரிய வண்டிகளைச் சும்மா நிற்க வைப்பதில் எங்கள் பொட்டு மேஸ்திரியை மிஞ்சிய ஆள் கிடையாது. எங்கள் வீட்டை ஒட்டித்தான் அவர் ஷெட்.

பொக்லைனின் கையைத் தூக்கிப் பிடிக்கிற ஹைட்ராலிக் சிலிண்டரைப் பிரித்து, உள்ளே எண்ணெயை அடைத்துப் பிடிக்கும் ரப்பர் சீலை மாற்றி மூட்டுவது அவர் வேலை. மாட்டியதும் பக்கெட் நிறையக் கல்லைப் போட்டு மேலே தூக்கி, இன்ஜினை அணைத்துவிடுவார். பளபளவென்ற ராடின் மேல், அது குழாய்க்குள் நுழையும் இடத்தை ஒட்டி ஒரு குங்குமப் பொட்டு வைப்பார். இரண்டு மணி நேரத்துக்கு வண்டி அசையக்கூடாது. வண்டி எப்போது கிடைக்கும் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"பொட்டைக் கேளுங்க."

சாமிக்கு வைக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். நான் மட்டுமா? ஒரு டிரைவர் அந்தப் பொட்டுக்குக் கற்பூரமே காட்டினார். எண்ணெய் பக்கத்தில் நெருப்பா என்று மேஸ்திரி அவரை பஸ் ஸ்டாப் வரை துரத்தினார்.

போன ஐப்பசி மழையில் மண் கரைந்து, எங்கள் வீட்டுக்கு மேலே மலைச்சரிவில் ஒரு பாறை எட்டிப் பார்த்தது. பொக்லைன் அதைத் தாங்கிப் பிடித்து, பக்கத்து ஓடையில் புரட்ட வேண்டும். பிடி இறங்கினால் பாறை நேராக எங்கள் அடுப்படிக்குத்தான் வரும். அதற்கென்று வந்த பொக்லைன் வரும்போதே எண்ணெய் ஒழுக்கிக்கொண்டு வந்தது. மேஸ்திரி பிரித்து மாட்டி, பொட்டு வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

எட்டிப் பார்த்தேன். பொட்டு பாதி அழிந்திருந்தது. தலைக்கு மேல் பாறை நிற்கும்போது இப்படி ஒரு அபசகுனமா என்று, குங்குமச் சிமிழை எடுத்துப்போய் நல்ல வட்டமாக வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மேஸ்திரி திரும்பி வந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. உள்ளே சீல் பிடிக்காவிட்டால் ராடு கீழே இறங்கும், இறங்கினால் குழாயின் வாய் பொட்டை வழித்துவிடும், இது முழுசாக இருக்கிறது, எடுத்துப் போகலாம் என்று டிரைவருக்கு விளக்கினார். வாசலில் நின்ற என் காதில் எல்லாம் விழுந்தது.

நான் ஆண்கள் நடுவில் பேசிப் பழகியவள் இல்லை. எட்டு வருஷமாக மேஸ்திரியைப் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி. டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். முன்னால் போய் நின்றேன்.

"ஏனுங்க, அந்தப் பொட்டு நான் வெச்சதுங்க."

டிரைவர் சிரித்தார். "மேஸ்திரி, பொட்டு வெக்கறதுக்கே தனியா ஆள் போட்டுட்டீங்களாட்ட இருக்குது."

மேஸ்திரி சிரிக்கவில்லை. கிட்டே வந்தார்.

"பழைய பொட்டு எவ்வளவு அழிஞ்சிருந்துச்சுங்க அக்கா?"

சுண்டுவிரல் நகத்தில் பாதியைக் காட்டினேன். வயசான கண்ணுக்கு என்ன தெரியும், மழை வேறு வருகிறது என்று டிரைவர் முணுமுணுத்தார்.

"அக்கா சொன்னாச் சொன்னதுதானுங்க. இன்ஜினை நிறுத்துங்க."

பிரித்தபோது உள்சீலின் ஓரத்தில் முடி போல ஒரு கீறல். வேறு சீல் போட்டு மறுபடியும் பொட்டு வைத்தார். எனக்கொரு ஸ்டூல் போட்டார். தூறலில் பொட்டு நனையாமல் மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டிவிட்டு, இரண்டு மணி நேரம் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பார்த்தோம்.  பொட்டு அப்படியே இருந்தது. மறுநாள் பாறை ஓடைக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போதெல்லாம் சாப்பிடப் போகும்போது என் வாசலைப் பார்த்து, "அக்கா, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர் வரும் வரைக்கும், அடுப்பில் சோறு குழைந்தாலும் நான் எழுந்திருப்பதில்லை.