மாப்பிள்ளை தள்ளிய டர்போ கார்

இரண்டு சாமான்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, "இது உனக்குப் போதும், அது உனக்கு அதிகம்" என்று யாராவது சொன்னால், நான் அதிகமானதைத்தான் எடுப்பேன். சேலையில் அப்படி, குழம்புச் சட்டியில் அப்படி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு டர்போ விஷயத்திலும் அப்படிச் செய்தேன். அதை என் குடும்பம் மன்னித்துவிட்டது. மறக்கத்தான் மாட்டேன் என்கிறது.

அப்போது எனக்குப் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. டத்தோ கிராமாட்டில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து விடிவதற்கு முன்பே என் சின்னக் காரில் கிளம்பிவிடுவேன். எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். மற்றவர்கள் என் காருக்குத் தையல் மிஷின் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்குப் பதில் சொல்லும் வழி வாயைத் திறப்பது அல்ல, என்ஜினைத் திறப்பது என்று முடிவு செய்தேன். (புத்திசாலிப் பெண், பாருங்கள்.)

ஜெலுத்தோங்கில் ரஹீம் அண்ணே ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். ஜப்பானிலிருந்து பாதியாக அறுபட்டு வரும் பழைய கார்களைப் பிரித்து, நல்ல பாகங்களை எடுத்து விற்பவர். பழைய பேப்பரை விரித்து, என்ஜினுக்குள் காற்றைத் திணித்து வேகம் கூட்டும் இரண்டு டர்போக்களை என் முன்னால் வைத்தார். ஒன்று தேங்காய் மூடி அளவு. இன்னொன்று முழுத் தேங்காய்.

"தங்கச்சி, வேலைக்குப் போயிட்டு வர்ற கெரெத்தாவுக்கு இந்தச் சின்னது போதும் லா. மிதிச்ச உடனே வேலை செய்யும்." (கெரெத்தா என்றால் எங்கள் ஊர் மலாய்ப் பேச்சில் கார்.)

"அந்தப் பெருசு?"

"அது எழுந்திருக்க நேரமாகும். எழுந்தா சும்மா இருக்காது." சொல்லிக்கொண்டே பெரியதைத் துணியால் துடைத்தார். சின்னதைத் துடைக்கவே இல்லை. "ஆனா பார்க்க அழகா இருக்குல்ல?"

அவர் துடைத்த விதத்தில் நான் விழுந்துவிட்டேன். அன்று இரண்டு பேருக்குமே ஆசை, யாரும் யாரையும் தடுக்கவில்லை.

பெரியது உள்ளே உட்கார இடமில்லை. ரேடியேட்டரைக் குளிர வைக்கும் விசிறியைக் கழற்றிவிட்டு, உள்ளங்கை அகலத்தில் ஒன்றை மாட்டினார். அதற்கும் முன்னால், டர்போக் காற்றைக் குளிர வைக்க ஒரு தகட்டுப் பெட்டி, ரேடியேட்டரை முழுக்க மறைத்துக்கொண்டு. "ஓடுற கெரெத்தாவுக்கு விசிறி எதுக்கு, காத்து தானா வரும்" என்றார். எனக்கும் அது பெரிய உண்மையாகப் பட்டது. காலியான விடியற்காலைச் சாலையில் அது உண்மையாகவும் இருந்தது. மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு எல்லாம் ஒரேயடியாக நடக்கும். தையல் மிஷின் என்ற பேச்சு நின்றது.

அந்தச் சமயத்தில்தான் சுமதி அக்காவுக்குக் கல்யாணம். எங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் பெண்ணின் சகோதரன் போய் மாப்பிள்ளையை அழைத்து வர வேண்டும். மண்டப வாசலில் அவர் காலைக் கழுவி உள்ளே கூட்டிப் போக வேண்டும். எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. பெரியப்பா மகனைப் போகச் சொல்லலாம் என்றார்கள். என் அக்காவுக்கு நான்தான் செய்வேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. என்னை முதன்முதலில் பார்த்தபோதே, "கையெல்லாம் எண்ணெயா இருக்கு" என்று சொன்னவர். அப்பா அவரிடம் பணிவாகச் சொன்னார். "என் மகள் ஒழுங்கா கொண்டு வந்து சேர்ப்பா, சம்பந்தி. அதுக்கு நான் பொறுப்பு." அப்பா யாருக்கும் எளிதில் வாக்குக் கொடுப்பவர் அல்ல. அந்த வாக்கு தவறினால், புகுந்த வீட்டில் அக்கா முதல் நாளே தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தக் காரைத்தான் எடுத்துப் போனேன்.

பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை ஊர்வலம். முன்னால் நாதஸ்வரமும் தவிலும் நடந்து போகும். பின்னால் பூ அலங்காரத்தோடு என் கார். எனக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை தயாளன் அத்தான், பள்ளி ஆசிரியர், கூரையில் முட்டும் தலைப்பாகையோடு. அதற்கும் பின்னால் இன்னொரு காரில் அவருடைய அம்மா.

நாதஸ்வரக்காரர் வேகத்துக்கு எந்தக் காற்றும் தானாக வராது. இது எனக்கு உறைத்தபோது வெப்பமானியின் முள் எழுந்து நின்றுவிட்டது. ஏர்கானை அணைத்தேன். கண்ணாடியை இறக்கினேன். அத்தானின் நெற்றியிலிருந்து சந்தனம் வழிய ஆரம்பித்தது.

"ஏதாச்சும் பிரச்சனையா?"

"ஒண்ணும் இல்ல அத்தான். என்ஜின் கொஞ்சம் சந்தோஷமா இருக்கு."

வழியில் சாக்கடை மேல் ஒரு மேடு. மிதித்தேன், கார் ஏறவில்லை. இன்னும் மிதித்தேன். தூங்கிக்கொண்டிருந்த பெரியது அப்போதுதான் எழுந்தது. கார் ஒரே தாவாகத் தாவியது. தவில்காரர் தவிலோடு கடை வாசலுக்குள் ஓடினார். நான் பிரேக்கை அழுத்த, டர்போ 'ப்ஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தி, சக்கரத்தில் காற்று போய்விட்டதா என்று குனிந்து பார்த்தார். அதற்குள் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. மேலே கட்டியிருந்த மல்லிகைச் சரம் வெந்தது. (வெந்த மல்லிகை என்ன வாசம் அடிக்கும் என்பது உலகத்தில் சிலருக்குத்தான் தெரியும்.) என்ஜின் நின்றுவிட்டது.

நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. "நீங்க நடந்து போயிருங்க அத்தான். பக்கத்துலதான் மண்டபம்."

அவர் தலைப்பாகையைக் கழற்றி என் மடியில் வைத்தார். "நான் நடந்து போனா நீ அழைச்சிட்டு வந்ததா ஆகாது. உங்க அப்பா வாக்கு கொடுத்திருக்காரு. நீ ஸ்டியரிங்கைப் பிடி, நான் தள்றேன்."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தவில்காரரும் ஒரு கை கொடுத்தார். நாலு அடி போவதற்குள் அத்தானின் புதுச் செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் ஓரமாக வீசிவிட்டு, வெயிலில் கொதிக்கும் தாரில் வெறுங்காலோடு தள்ளினார். நாதஸ்வரக்காரர் தனியாக வாசித்துக்கொண்டு முன்னால் போனார். மடியில் தலைப்பாகையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்த ஒரே மைத்துனி நானாகத்தான் இருப்பேன்.

வாசலில் அப்பா நின்றிருந்தார். தண்ணீர்ச் செம்பை என்னிடம் கொடுத்தார். நான் உட்கார்ந்து அத்தானின் காலைக் கழுவினேன். தண்ணீர் கறுப்பாக ஓடியது. தார், ரேடியேட்டர் தண்ணீர், என் காரிலிருந்து சொட்டிய எண்ணெய் எல்லாம் அதில் இருந்தன. நிமிர்ந்தால் அவருடைய அம்மா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா தேச்சுக் கழுவும்மா" என்றார் அந்த அம்மா. "எண்ணெய் உன்னோடதுதானே."

முதலில் சிரித்தது அத்தான்தான். அப்புறம் அந்த அம்மாவே சிரித்தார். முகூர்த்தம் தவறவில்லை. கால் கழுவியதற்கு அத்தான் போட்ட மோதிரம் இன்றும் என் விரலில் இருக்கிறது.

மறுவாரம் ரஹீம் அண்ணேயிடம் போய்ச் சின்ன டர்போவையும் பழைய விசிறியையும் மாட்டச் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன் லா" என்றார். சொன்னது உண்மைதான். துடைத்ததும் உண்மைதான்.

என் கல்யாணத்துக்கு அத்தான் பட்டு வேட்டிக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டு வந்தார். கேட்டவர்களிடமெல்லாம், "இவங்க வீட்டுக் கல்யாணம், தயாரா இருக்கணும்" என்றார். அதன் பிறகு எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் அந்த ஷூ வரும். எங்கள் பிள்ளைகளுக்கு அது தாலி, மேளம் மாதிரி ஒரு சடங்கு.

போன வருஷம் என் மகள் கல்யாணம். அத்தானுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி அதிக நாள் ஆகவில்லை. கைத்தடியோடு வந்தார், இன்னொரு கையில் ஒரு பை.

"மாப்பிள்ளை எதுல வர்றாரு?"

"புதுக் கார் அத்தான். பெட்ரோலே இல்ல, பேட்டரி."

"அப்ப கண்டிப்பா தள்ளணும்" என்று பையிலிருந்து ஷூவை எடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து குனியப் பார்த்தார், முழங்கால் மடங்கவில்லை. நான் புதுச் சேலையோடு தரையில் உட்கார்ந்து, அந்தக் காலில் ஷூவை மாட்டி, கயிற்றைக் கட்டிவிட்டேன்.

"நல்லா இறுக்கிக் கட்டும்மா" என்றார், அவருடைய அம்மாவின் குரலிலேயே.