லண்டன் சொல்லாத பிள்ளை

எங்கள் வீட்டில் ஒரு மேதையை உருவாக்கிவிடுவது என்று அந்தக் கோடை விடுமுறையில் முடிவு செய்தேன்.

நான் தென்காசியில் பூகோள வாத்தியார். பாளையங்கோட்டையில் ஆசிரியர்களுக்கு உளவியல் வகுப்பு நடத்தினார்கள். போய்வந்தேன். போனது வெறும் சிவசைலம் வாத்தியார். திரும்பி வந்தது விஞ்ஞானி.

வந்ததும் மனைவி நாச்சியாரிடம் திட்டத்தை அறிவித்தேன். மகள் குழல்வாய்மொழிக்கு இரண்டரை வயசு. மூளை பச்சைக் களிமண்ணாக இருக்கும் பருவம். விடியற்காலையில் எழுப்பி உலகத் தலைநகரங்கள். மாலையில் மலைகள், நதிகள். வீட்டுக்கு யார் வந்தாலும் பிள்ளையை நிறுத்திவைத்து ஒப்பிக்க விடவேண்டும்.

“உளவியலா? உளவு பாக்கதுக்கா படிச்சிட்டு வந்திய?”

“மனசைப் பத்தின சாஸ்திரம்டி. தூண்டல், துலங்கல்னு ரெண்டு இருக்கு.”

“துலக்கதுக்குப் பாத்திரம் கிடக்கு. வாங்க.”

மறுநாள் விடிவதற்குள் குழந்தையை எழுப்பி உட்காரவைத்தேன்.

“சொல்லு கண்ணு, லண்டன்.”

குழந்தை என்னைப் பார்த்தது.

“சரி, அது வேண்டாம். அப்பா சொல்லு.”

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டது.

நான் பாளையங்கோட்டைக்குப் போகும்போது ‘காக்கா வா, பூனை வா’ என்று தெருவையே கூப்பிட்ட பிள்ளை! பெயரில் வாயும் இருக்கிறது, மொழியும் இருக்கிறது. இப்போது பிள்ளையிடம் வாய் மட்டும்தான் மிச்சம்.

விடுவேனா? ருஷ்யாவில் ஒரு பேராசிரியர் மணியடித்தே நாய்க்கு எச்சில் ஊறவைத்தாராம். பூஜை மணியை எடுத்தேன். ‘அப்பா’ என்பேன். மணியடிப்பேன். பிள்ளை வாயில் ஒரு பேரீச்சம்பழம் வைப்பேன். பலன் தெரிந்தது. மணி கேட்டால் வாய் திறந்தது. பழம் உள்ளே போனதும் மூடிக்கொண்டது. கோயிலில் உச்சிகால மணி அடித்தாலும் திறந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. எனக்குத்தான் மணி கேட்டால் எச்சில் ஊறியது.

அடுத்தது நுண்ணறிவுச் சோதனை. வட்டக் கட்டையை வட்டக் குழியிலும் சதுரக் கட்டையைச் சதுரக் குழியிலும் போடவேண்டும். பிள்ளை எல்லாவற்றையும் என் காபிக்குள் போட்டது.

“நுண்ணறிவு ஈவு ரொம்பக் குறைச்சல் போலிருக்கே” என்றேன்.

“ஒங்களுக்கு ஈவும் இல்ல, இரக்கமும் இல்ல. பிள்ளைய விடுங்க” என்று தூக்கிக்கொண்டு போனாள் நாச்சியார்.

குழம்பிப்போய்ப் பக்கத்துப் பலசரக்குக் கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் அருமைநாயகம் அண்ணாச்சி கேட்டார்:

“என்ன சார்வாள், மூஞ்சி வாடிக் கிடக்கு?”

“பிள்ளை பேசமாட்டேங்குது அண்ணாச்சி.”

“யாரு, குழலா? நேத்து இங்கன வந்து, ‘மாமா, ஒடஞ்ச முறுக்கு வேண்டாம், முழு முறுக்கு தாங்க’ன்னுச்சே!”

“அது உங்க பிரமை. வெறும் சத்தத்துக்கு நீங்களா அர்த்தம் குடுக்குதீங்க. அதுக்கு ஒரு பேர் இருக்கு.”

“எனக்கா?”

“பிரமைக்கு.”

அண்ணாச்சி கல்லாவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார். என்னைப் பார்க்கவே பயந்த மாதிரி இருந்தது.

வீட்டு வாசலுக்கு வந்தால் உள்ளே கீச்சுக்குரலில் பாட்டு! ஓடிப்போய்ப் பார்த்தேன். நாச்சியாரும் பிள்ளையும்தான் இருந்தார்கள். பிள்ளை வாய் மூடியிருந்தது.

“யாரு பாடினது?”

“நான்தான்.”

“குரல் கீச்சுன்னு இருந்துச்சே?”

“சளி பிடிச்சிருக்கு.”

என் காதும் போய்விட்டதா? நான் அடித்த மணியே பிள்ளையின் நாக்கைக் கட்டிவிட்டதா? சோறு இறங்கவில்லை. நாச்சியார் என் இலையைப் பார்த்தாள். மனசு இளகிவிட்டது போலும்.

“குத்தாலத்துல சாரல் விழுதாம். போயிட்டு வருவோம். அருவிச் சத்தம் கேட்டா பேச்சு வந்தாலும் வரும்.”

“எந்தப் பாடத்திலும் அப்படி இல்லையே.”

“பாடத்தில இருக்கதெல்லாம்தான் செஞ்சு பாத்தாச்சே.”

ஞாயிற்றுக்கிழமை போனோம். மூக்குக் கண்ணாடியைத் துண்டின்மேல் வைத்துவிட்டு அருவிக்குள் தலையை நீட்டினேன். அந்த இரைச்சலையும் மீறி ஒரு கூச்சல்.

“அப்பா! ஒங்க கண்ணாடிய கொரங்கு தூக்கிட்டுப் போவுது! ஏ கொரங்கே, வச்சிட்டுப் போ!”

ஈரத்தோடு ஓடிவந்தேன். குழல்வாய்மொழியின் குரல், கையால் வாயைப் பொத்தியது போல் அமுங்கி, அம்மாவிடம் கேட்டது:

“அம்மா… பேசிட்டேன். இன்னைக்கு முறுக்கு உண்டா, இல்லையா?”

கண்ணாடி இல்லாததால் எனக்கு நாச்சியார் எது, பாறை எது என்று தெரியவில்லை. பாறையைப் பார்த்துக் கேட்டேன்:

“முறுக்கா? என்ன முறுக்கு?”

பதில் பின்னாலிருந்து வந்தது.

“அப்பா முன்னால பேசாம இருந்தா சாயங்காலம் ஒரு முறுக்குன்னு நான்தான் சொன்னேன். நீங்க மணி அடிச்சிய. நான் அடிக்கல. அவ்வளவுதான்.”

“ஏட்டி, நான் செத்துப் பொழச்சேனே!”

“பச்சப்பிள்ளைய விடியும் முன்ன எழுப்பி லண்டன் சொல்லுன்னா? பள்ளிக்கூடத்துல சேக்கது வரைக்கும் தலைநகரமும் கிடையாது, தலைவலியும் கிடையாது. சம்மதமா?”

பிள்ளையின் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் எனக்குக் கோபப்படக்கூட வரவில்லை.

“சம்மதம்” என்றேன். அன்றைக்கு நான் பேசிய கடைசி வார்த்தை அது.

திரும்பும் பஸ்ஸில் பிள்ளை மடை திறந்துவிட்டது. “எங்கப்பா மணியடிப்பாவ. எங்கப்பாவுக்கு லண்டன் மட்டும்தான் தெரியும். எங்கப்பா கண்ணாடிய கொரங்கு போட்டிருக்கு.” பஸ்ஸே சிரித்தது. நான் குறுக்கே ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுக்கும்போதெல்லாம் அடுத்த விஷயம் ஆரம்பமாகிவிடும்.

டிக்கெட் கிழித்த கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நாச்சியாரிடம் கேட்டார்:

“பிள்ளை என்னமாப் பேசுதும்மா! சார்வாளுக்குத்தான் பேச்சு வராதோ?”

நாச்சியார் சொன்னாள்:

“இப்பத்தான் பழக்கிட்டு வாறேன்.”