மேட்டு ரேடியோவும் பள்ளத்து ரேடியோவும்

தொட்டி நிரம்பிவிட்டால் அந்தச் செய்தி மோட்டாருக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதில் குடிநீர் அலுவலகத்தில் இரண்டு கருத்து இருந்ததில்லை. தெரியாவிட்டால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டி வழிந்துகொண்டே இருக்கும், மேட்டுத் தெருப் படிக்கட்டுகளில் குடிநீர் இறங்கி வந்து யாரும் கேட்காமலே எல்லா வாசலையும் கழுவிவிட்டுப் போகும். தொட்டி இருப்பது மேட்டில். மோட்டார் இருப்பது மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஆற்றங்கரைப் பள்ளத்தில். இரண்டுக்கும் நடுவே மண்ணுக்கடியில் ஒரு கம்பி இருந்தது. சாலை போட்டவர்கள் அதை வெட்டினார்கள், வெட்டியதை ஒட்டினார்கள், பிறகு ஒட்டிய இடத்தைக் கவனமாகத் தவிர்த்து வேறிடத்தில் வெட்டினார்கள். ஒன்பதாவது வெட்டுக்குப் பிறகு, இனிக் கம்பியே வேண்டாம், காற்றில் பேசிக்கொள்ளும் ரேடியோக்கள் இரண்டைப் பொருத்திவிடலாம் என்று முடிவாயிற்று.

பொருத்த வந்தவரை எல்லோரும் டவர்காரர் என்றார்கள். பத்து வருடமாகக் கம்பங்களில் ஏறியே காலம் தள்ளியவர். இந்த வேலையில் அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: தொட்டிக்கு ஒருவர், மோட்டாருக்கு ஒருவர் என்று இருந்த இரண்டு பொறியாளர்களும் கையெழுத்துப் போட்ட நிறைவுச் சான்றிதழ். அது கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தால் அவருடைய பதவிக்கு முன்னால் 'முதுநிலை' என்ற சொல் வந்து உட்காரும். அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு சான்றிதழ்தான் குறைகிறது என்று கம்பெனி மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குள் அவருடைய சகலைக்கு வேறொரு ஆபீஸில் அதே சொல் கிடைத்துவிட்டது. சகலை அடையாள அட்டையைக் கழற்றாமலே மாமனார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். குழம்பு படாமல் அதை முதுகுப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து டவர்காரரின் மனைவி போனில் அவர் உடம்பைப் பற்றி விசாரிப்பதை விட்டுவிட்டாள்.

"சைன் ஆயிடுச்சா?"

"ரெண்டு நாள்ல ஆயிடும்."

இரண்டு நாளில் ஆகக்கூடிய வேலைதான். இரு பக்கமும் கம்பம் நட்டு, ஆன்டெனாக்களை ஒன்றையொன்று பார்க்கும்படி திருப்பி, லேப்டாப்பில் ஒரே அலைவரிசையும் ஒரே கடவுச்சொல்லும் கொடுத்து, கடைசியாக ஒரு ரேடியோவைத் 'தலைமை' என்றும் மற்றதைத் 'துணை' என்றும் அமைத்துவிட்டால் முடிந்தது. தலைமை கூப்பிடும், துணை பதில் சொல்லும். இரண்டு பெட்டியும் ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் பிறந்தவை. எதை எப்படி அமைத்தாலும் பெட்டிகளுக்கு ஆட்சேபம் கிடையாது.

டவர்காரர் மேட்டு ரேடியோவைத் தலைமையாக்கினார். பச்சை விளக்கு எரிந்தது. தொட்டி நிரம்பியது, மோட்டார் தானாக நின்றது. அதுவரை அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. அதற்குப் பிறகுதான் அதை அறிக்கையாக எழுதினார்.

அறிக்கையைப் படித்த மோட்டார்ப் பொறியாளர் அவரை உட்காரச் சொல்லி, மேட்டு ரேடியோதான் தலைமை என்று தீர்மானித்தது யார் என்று மிகவும் மென்மையாகக் கேட்டார். தானும் தொட்டிப் பொறியாளரும் ஒரே தேதியில், ஒரே மணி அடிப்பில் வேலையில் சேர்ந்தவர்கள் என்றும், இருவரில் யார் மூத்தவர் என்ற கேள்வி பதினோரு வருடமாகத் தலைமையகத்தின் பரிசீலனையில் இருக்கிறது என்றும், அதற்கு ஒரு தகரப் பெட்டி தீர்ப்புச் சொல்வதை அனுமதிக்க இயலாது என்றும் விளக்கினார்.

"சார், இது வெறும் செட்டிங். மனுஷங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"சம்பந்தம் இல்லன்னா மாத்தறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

அது நியாயமாகப் பட்டதால் டவர்காரர் மாற்றினார். மறுநாள் காலை தொட்டிப் பொறியாளரும் அவரை உட்காரச் சொன்னார். அதே நியாயத்தைச் சொன்னார். அடுத்தவர் பெட்டி கூப்பிடும்போதெல்லாம் தன் பெட்டி எழுந்து நின்று பதில் சொல்வதைத் தன் கீழே வேலை செய்யும் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

அதன் பிறகு ரேடியோக்கள் பேச வேண்டியதையெல்லாம் ஃபைல்கள் பேசின. "மேட்டுப் பிரிவின் ஆன்டெனாவானது எங்கள் பிரிவின் ஆன்டெனாவைவிடக் கடல் மட்டத்திலிருந்து நாற்பத்தொரு மீட்டர் கூடுதல் உயரத்தில் காணப்படுவது, இரு பிரிவுகளும் சமம் என்ற கொள்கைக்கு முரணாக உள்ளது என்பது கனிவான கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது" என்று பள்ளத்திலிருந்து ஒரு கடிதம் ஏறியது. மேற்படி மேடு தங்களால் அமைக்கப்பட்டதல்ல, பொறுப்பேற்ற நாளிலேயே அது அவ்விடத்தில் இருந்தது என்று மேட்டிலிருந்து, வரைபடம் இணைத்து, ஒரு பதில் இறங்கியது.

முடிவு தெரியும்வரை இரண்டையுமே தலைமையாக வைக்கும்படி தலைமையகம் உத்தரவிட்டது. இரண்டும் தலைமையானால் இரண்டும் கூப்பிடும், பதில் சொல்ல ஆள் இருக்காது என்று டவர்காரர் எடுத்துச் சொன்னார். அவ்வாறு அமைத்துப் பார்த்து, அவ்வாறே நிகழ்ந்தால் எழுத்துமூலம் தெரிவிக்கும்படி பதில் வந்தது. அமைத்தார். அவ்வாறே நிகழ்ந்தது. எழுத்துமூலம் தெரிவித்தார். தொட்டி வழிந்தது.

வழிந்ததற்கு மோட்டார் அறையில் வேலை பார்க்கும் அக்காவுக்கு மெமோ போனது. தொட்டி நிரம்பியது தெரிந்தும் மோட்டாரை நிறுத்தவில்லையா, அல்லது தெரியவே இல்லையா என்று கேட்டிருந்தார்கள். தெரியும் என்று அக்கா எழுதினாள். மேட்டுத் தெருவில் தன் நாத்தனார் குடியிருப்பதாகவும், படிக்கட்டில் தண்ணீர் வந்த மறு நிமிடம் அவள் போன் செய்வதாகவும், தான் உடனே நிறுத்துவதாகவும் எழுதினாள். நாத்தனார் அங்கீகரிக்கப்பட்ட தகவல் வழி அல்ல என்று இரண்டாவது மெமோ வந்தது.

இந்தச் சமயத்தில்தான் தலைமையகத்துக்குப் படிநிலையற்ற நிர்வாகம் என்ற புதுமோகம் பிடித்தது. அதைக் கற்றுக்கொடுக்க ஒரு பயிற்சியாளர் வந்தார். நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார். ஒரு நூல்கண்டைக் கொடுத்து, ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொள்ளச் சொன்னார். ரேடியோ விவகாரம் அவர் காதுக்கு எட்டியபோது கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் மூச்சு விட்டார். பிறகு, தலைமை என்ற சொல்லே போன நூற்றாண்டைச் சேர்ந்தது, காதுகொடுத்துக் கேட்பவன்தான் உண்மையான தலைவன், எனவே இரண்டு ரேடியோக்களும் துணையாக இருக்கட்டும் என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. இரண்டு பொறியாளர்களும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். படம் எடுத்து மாட்டினார்கள்.

டவர்காரர் இரண்டையும் துணையாக்கினார். இதுவரை இரண்டும் கூப்பிட்டன, கேட்க யாருமில்லை. இப்போது இரண்டும் மிகுந்த பணிவோடு காதுகொடுத்துக் காத்திருந்தன, கூப்பிட யாருமில்லை. தொட்டி வழிந்தது.

இரண்டு நாள் வேலை ஏழு வாரமாயிற்று. அவர் இன்னும் கம்பம்தான் ஏறிக்கொண்டிருக்கிறாரா என்று சகலை விசாரித்ததை மனைவி போனில் சொன்னாள். சொன்ன சொல்லை மட்டுமல்லாமல், சொன்ன குரலையும் அப்படியே எடுத்து வைத்தாள். அன்று டவர்காரர் மோட்டார் அறைக்குப் போய், ஒரு காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டாள்.

"ஏன் அண்ணே, பொட்டிக்குள்ள என்ன செட்டிங் இருக்குன்னு அவங்க ரெண்டு பேருல யாருக்காவது பாக்கத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"அப்புறம் எதுக்கு உள்ளேயே நோண்டிக்கிட்டு இருக்கீங்க? வெளிய எதையாவது எழுதி மாட்டுங்க."

மறுநாள் இரண்டு பித்தளைப் பலகைகள் வந்தன. இரண்டிலும் 'தலைமை நிலையம்' என்று ஒரே அளவு எழுத்தில் செதுக்கியிருந்தது. மோட்டார்ப் பொறியாளர் ஸ்கேலோடு மேட்டுக்குப் போய் அங்கிருந்த பலகையை அளந்தார்; தொட்டிப் பொறியாளர் ஸ்கேலோடு பள்ளத்துக்கு வந்து இங்கிருந்ததை அளந்தார். இருவரும் திருப்தியாகத் திரும்பினார்கள். பெட்டிக்குள் ஒன்று தலைமையாகவும் ஒன்று துணையாகவும் இருந்தது. எது எது என்பதை டவர்காரர் எங்கும் எழுதவில்லை. ஏழு வாரத்தில் அவரும் கொஞ்சம் படித்திருந்தார். பச்சை விளக்கு எரிந்தது, மோட்டார் தானாக நின்றது. படிக்கட்டு காய்ந்து கிடப்பதைப் பார்த்த நாத்தனார் பயந்துபோய், அங்கே யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று போன் செய்து கேட்டாள்.

சான்றிதழை டவர்காரர் இரண்டு பிரதிகளாக நீட்டினார். ஒன்றில் ஒருவர் பெயர் மேலே இருந்தது, மற்றதில் மற்றவர் பெயர். இரண்டிலும் கையெழுத்து விழுந்தது.

அவர் முதுநிலை ஆனார். அட்டை வந்த அன்று மனைவி அதைத் தன் தங்கைக்குப் படம் எடுத்து அனுப்பினாள்; எழுத்து தெளிவாகத் தெரியவில்லையோ என்று மறுபடியும் அனுப்பினாள். கம்பெனி இதற்கு 'இரட்டைத் தலைமைத் தொழில்நுட்பம்' என்று பெயரிட்டு, வழவழப்பான தாளில் அச்சடித்து ஊர் ஊராக அனுப்பியது. பதினாறு அலுவலகங்கள் உடனே வேண்டும் என்றன. முதல் ஊருக்கு, தொழில்நுட்பத்தின் கௌரவத்தை உத்தேசித்து, டவர்காரரோடு அதே தேதியில் முதுநிலையான இன்னொருவரையும் சேர்த்து அனுப்பினார்கள்.

அங்கே டவர் உயரமானது. வேலையின் வழக்கம் எளியது: இளையவர் ஆன்டெனாவோடு மேலே ஏறுவார், மூத்தவர் சிக்னல் அளக்கும் மீட்டரோடு கீழே நின்று, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்வார். வேனிலிருந்து இருவரும் இறங்கினார்கள். ஒருவர் அட்டையை மற்றவர் பார்த்தார்.

"ஏறுங்க சார், நான் கீழேருந்து சொல்றேன்."

"நீங்க ஏறுங்க சார். கீழே நான் இருக்கேன்."

விளக்கம் கேட்டு இருவரும் தனித்தனியாகக் கம்பெனிக்கு எழுதினார்கள். பரிசீலனையில் இருப்பதாக இருவருக்கும் ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. கடமை தவறியதாக நாளை யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று டவர்காரர் மீட்டரைக் கையில் எடுத்து, ஆள் இல்லாத உச்சியை அண்ணாந்து பார்த்து, "கொஞ்சம் இடது பக்கம்" என்றார். மற்றவரும் தன் மீட்டரைப் பார்த்துவிட்டு, இல்லை, வலது பக்கம் என்று திருத்தினார். அந்த ஊரிலும் தொட்டி வழிந்து வாசல் நனைந்த தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் மேலே என்று ஒருவர் யோசனை சொன்னார், இவ்வளவு சாய்வு கூடாது என்றார் இன்னொருவர். நான் ஏறுகிறேன் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.